கொச்சி-முசிறி பியனாலேயில் உள்ளே நுழைந்து பார்க்கும் கலை: யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படுவோர் கேட்கும் கேள்விகள்

2017 பெப்ரவரியில் என் மாமியை அழைத்துக்கொண்டு கொச்சிக்குச் சென்று, அங்கு நடந்துகொண்டிருந்த கொச்சி-முசிறி பியனாலேயின் மூன்றாம் பதிப்பைப் பார்த்துத் திரும்பினேன். அன்றிலிருந்து அயலவர்களும் ஓவியம் படிக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் கேட்டுவரும் கேள்விகளையும் நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே ஒழுங்காக எழுதியிருக்கிறேன். நான் கலை விமர்சகர் அல்லன். நின்று பார்க்கப் பழகிய ஒருவன் மட்டுமே.

பியனாலே என்றால் என்ன? அதற்குக் கொச்சிக்கு ஏன் போகவேண்டும்?

ஈராண்டுக்கு ஒரு முறை நடப்பது என்பதே இத்தாலிய மொழியில் அச்சொல்லின் பொருள். 1895இல் வெனிஸ் நகரில் தொடங்கிய கண்காட்சியிலிருந்து அந்தப் பெயர் உலகமெங்கும் பரவியது. கொச்சிப் பியனாலேயை ஓவியர்களான போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் 12.12.2012 அன்று தொடங்கிவைத்தார்கள். பெயரிலுள்ள முசிறி தமிழ் படித்த எவருக்கும் புதிதன்று. யவனரின் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய துறையாக அகநானூற்றின் 149ஆம் பாடல் அதனைக் காட்டுகிறது. 1341இல் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம் அந்தத் துறையைத் தூர்த்துக் கொச்சியின் துறைமுகத்தைத் திறந்துவிட்டது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. முசிறி இருந்த இடமெனப் பலரும் கருதும் பட்டணம் என்ற ஊரில் அகழ்ந்தெடுத்த பானையோடுகளைக்கொண்டு முதலாம் பதிப்பிலேயே விவான் சுந்தரம் ஒரு நகரத்தை அடுக்கி, அதற்கிடையே மிளகைப் பரப்பி, ‘கறுப்புப் பொன்’ என்ற படைப்பைச் செய்தார். தமிழர் ஒருவர் அங்கே விருந்தாளியாக மட்டும் நிற்கத் தேவையில்லை என்பதற்காகவே இதனை முதலில் சொல்கிறேன்.

உள்ளே நுழைந்து பார்க்கும் கலை என்பது எத்தகையது?

சுவரில் மாட்டிய ஓவியத்துக்கு முன்னால் நாம் நிற்கிறோம். இந்த வகைப் படைப்புக்கோ முன்புறமும் பின்புறமும் இல்லை. அறை முழுவதும் படைப்பாக இருக்கிறது, பார்ப்பவர் அதற்குள் நடக்கிறார். ஒளி, இருள், ஒலி, மணம், காலடியில் மிதிபடும் பொருள் என எல்லாமே அதில் சேரும். நம்மவர்கள் இதனை நிறுவல் கலை என்றும் தாபனக் கலை என்றும் எழுதுகிறார்கள். சொல்தான் புதிது. உச்சிவெயிலில் கோயில் வெளிவீதியைச் சுற்றிவந்து, கால் சுட, மண்டபத்தின் குளிர்ந்த கல்லில் அடிவைத்து, இருளுக்குள் எங்கோ தெரியும் ஒற்றை விளக்கை நோக்கி நடந்தவருக்கு இடம் ஒன்று உடம்பை எப்படி மாற்றும் என்று யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

2014ஆம் ஆண்டுப் பதிப்பில் அனீஷ் கபூர் தரையில் ஒரு வட்டக்குழி அமைத்து, அதில் கரிய நீர் ஓயாமல் சுழன்று கீழே இழுபடும்படி செய்திருந்தார். நாங்கள் பார்த்த 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் ஸ்லோவேனியக் கவிஞர் அலேஷ் ஷ்டேகர், மண்ணும் சாணமும் பூசிய ஒரு கூர்நுனிக் கோபுரத்தை முற்றத்தில் எழுப்பியிருந்தார். அதற்குள் நுழைந்தால் கண் தெரியாத இருட்டு. அந்த இருட்டில் ஓவிட், தாந்தே, பிரெக்ட், மஹ்மூத் தர்வீஷ் முதலாக நாடு கடத்தப்பட்ட அல்லது நாடு துறந்த கவிஞர்களின் வரிகள் வெவ்வேறு மொழிகளில் ஒலிக்கும். சுவரைக் கையால் தடவித்தான் நடக்க முடியும். பசுஞ்சாணத்தின் மணம் மாமிக்கு வீட்டு முற்றத்தை நினைவூட்டியது. எனக்கு முன்னால் நின்ற வெளிநாட்டவர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். ஒரே படைப்புக்குள் மூவரும் வெவ்வேறு இடங்களில் நின்றோம்.

நீங்கள் அடிக்கடி சொல்லும் அந்தக் கடல்நீர் அறை எப்படி இருந்தது?

அது சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரிட்டா 2016ஆம் ஆண்டுப் பதிப்புக்குச் செய்த ‘வேதனையின் கடல்’. 1950இல் பிறந்த சூரிட்டா, 1973 செப்டெம்பரில் நடந்த இராணுவப் புரட்சியின்போது பிடிபட்டு, ஒரு கப்பலின் அடித்தளத்தில் மற்றக் கைதிகளோடு அடைத்துவைக்கப்பட்டவர். 2015 செப்டெம்பர் 2ஆம் திகதி துருக்கிக் கரையில் முகங்குப்புறக் கிடந்த சிரியச் சிறுவன் ஆலன் குர்தியின் படத்தை உலகமே பார்த்தது. அதே படகில் அவனுடைய அண்ணன் காலிப்பும் தாயும் இறந்தார்கள். அண்ணனின் படம் அந்த அளவுக்குப் பரவவில்லை. சூரிட்டா தம் படைப்பை அந்த அண்ணனுக்கு உரித்தாக்கினார்.

கோட்டைக் கொச்சியில் கடலோரமாக நிற்கும் அஸ்பின்வால் மாளிகை, 1867இல் தொடங்கிய ஓர் ஆங்கிலேய வணிக நிறுவனத்தின் பழைய வளாகம். மிளகும் தேயிலையும் கயிறும் ஏற்றுமதியான அந்த வளாகத்தின் நீண்ட பண்டகசாலை ஒன்றில் கடல்நீரை நிரப்பியிருந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கியபோது நீர் கணுக்காலைத் தாண்டி முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றது. வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே நீர் குளிர்ந்திருந்தது. இரு பக்கச் சுவர்களிலும் இடைவெளி விட்டு, கேட்கவில்லையா, பார்க்கவில்லையா, உணரவில்லையா என்ற பொருளில் குறுகிய கேள்விகள் எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொன்றையும் வாசிக்க நீரைத் தள்ளிக்கொண்டு சில அடிகள் நடக்கவேண்டும். அறையின் கடைசிச் சுவரில்தான் காலிப்பைப் பற்றிய கவிதை இருந்தது. அதனை வாசிக்க விரும்புகிறவர் முழு அறையையும் காலால் கடந்தாக வேண்டும். அதனை வாசித்தபின் திரும்பி வருவதற்கும் வேறு வழி இல்லை, அதே நீர்தான்.

நாங்கள் முதலில் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எங்களுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் கைத்தொலைபேசிகளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, ஒருவரையொருவர் படம் எடுத்துச் சிரித்துக்கொண்டு நடந்தார்கள். நான் எரிச்சலோடு வெளியே வந்தேன். மறுநாட்காலை கதவு திறந்ததும் திரும்பப் போனோம். அப்போது அறையில் எங்களைத் தவிர இருவர்தான் இருந்தார்கள். நடப்பவர் நின்றுவிட்டால் நீரின் சத்தமும் நின்றுவிடும் என்பதை அப்போதுதான் கவனித்தேன். மாமி சேலையை ஒரு கையால் முழங்கால்வரை தூக்கிச் சொருகி, மறு கையைச் சுவரில் ஊன்றி, ஒவ்வோர் அடியையும் அளந்து வைத்து நடந்தார். பாதி வழியில் நின்று, “கிளாலியில வள்ளத்துக்கு இறங்கின மாதிரிக் கிடக்கு” என்று மட்டும் சொன்னார்.

எங்களைப் போன்றவர்களுக்கு அத்தகைய படைப்பு அதிகமாக இருக்காதா?

இருக்கலாம். தொண்ணூறுகளின் முற்பாதியில் குடாநாட்டை விட்டு வெளியேற வேறு பாதை இல்லாத காலத்தில், இரவில் கிளாலிக் கடல்நீரேரியில் இறங்கி வள்ளம் ஏறியவர்கள் நம்மிடையே இன்னும் பலர் இருக்கிறார்கள். 1985 மே 15இல் குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டதை நெடுந்தீவார் மறக்கவில்லை. கடல்நீர் நிறைந்த இருண்ட அறை ஒன்று இவர்களிடம் எதைக் கிளறும் என்பதைப் படைத்தவர்கூட முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. ஆகவே, வயது முதிர்ந்தவர்களை அழைத்துச் செல்வோர் அறைக்குள் என்ன இருக்கிறது என்பதை வாசலிலேயே ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. “ஒன்றும் சொல்லாமல் போனால்தான் அனுபவம்” என்று சிலர் வாதிடுவார்கள். அந்த வாதம் அவ்வாறான இரவு ஒன்றைக் கழித்திராதவர்களுக்குப் பொருந்தும். மாமிக்கு நான் முன்னரே சொல்லியிருந்தேன். சொன்னதால் எதுவும் குறைந்துபோகவில்லை.

நம் ஊர்க் கலைஞர்கள் எவரேனும் அங்கே பங்குபற்றியிருக்கிறார்களா?

ஆம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை கற்பிப்பவரான தா. சனாதனனின் ‘எதிர்ப்பின் அலமாரி’ என்று தமிழில் சொல்லத்தக்க படைப்பு அதே 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் இடம்பெற்றது. நூலகங்களில் முன்பு இருந்த அட்டைப் பட்டியல் பெட்டிபோல இழுப்பறைகள். இழுப்பறையைத் திறந்தால் போர்க்காலத்தில் மக்கள் அன்றாடத்தை எப்படிச் சமாளித்தார்கள் என்பதைச் சொல்லும் அட்டைகள். நீரும் இல்லை, இருளும் இல்லை. ஆயினும் கையால் இழுத்து, குனிந்து, ஓர் அட்டையை எடுத்து வாசித்து மீண்டும் செருகும்போது, அதுவும் உடம்பால் பார்க்கும் கலைதான் என்று எனக்குத் தோன்றியது. மின்சாரமற்ற போர்க்காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். 1981இல் எரிந்த நூலகத்தின் நகரத்திலிருந்து வந்த ஒரு பெட்டியை அங்கே வெறும் தளபாடமாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

அவருடைய ‘வரலாறுகளின் வரலாறு’ 2004இல் நம் பொது நூலகக் கட்டடத்திலேயே காட்சிக்கு வைக்கப்பட்டது. அது யாழ்ப்பாணத்து மக்கள் தம் வீடுகளிலிருந்து கொடுத்த பொருட்களால் ஆனது. அதனைப் பார்த்தவர்கள் கொச்சியில் தடுமாற மாட்டார்கள்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

வழக்கமாக டிசெம்பர் 12இல் தொடங்கி மார்ச் மாத இறுதிவரை நடைபெறும். ஆறாம் பதிப்புக்கு அறிவிக்கப்பட்ட காலம் 2025 டிசெம்பர் 12 முதல் 2026 மார்ச் 31 வரை. தொடக்க நாளையொட்டிப் பயணச்சீட்டு எடுக்காதீர்கள். ஐந்தாம் பதிப்பு கொவிட் காரணமாக ஈராண்டு தள்ளிப்போய், பின்னர் 2022 டிசெம்பர் 12இல் திறக்கவிருந்து, கடைசி வேளையில் 23ஆம் திகதிக்குப் பிற்போடப்பட்டது. அந்த இடைவெளியில் வந்திறங்கியவர்கள் மூடிய கதவுகளைத்தான் பார்த்தார்கள். பெரிய நிறுவல்கள் முதற்கிழமைகளில் முழுமை பெறாமலும் இருக்கக்கூடும். என் தெரிவு பெப்ரவரி: மழை இல்லை, வெயில் இன்னும் உச்சத்தை எட்டவில்லை, பழுதானவை திருத்தப்பட்டிருக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து எவ்வழியாகச் செல்வது?

நாங்கள் போனபோது கொழும்புக்குச் சென்று, கட்டுநாயக்கவிலிருந்து நேரே கொச்சிக்குப் பறந்தோம். இன்றும் குறைந்த அலைச்சல் உள்ள வழி அதுதான். 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டபின் சென்னைக்கும், 2025 மார்ச் முதல் திருச்சிராப்பள்ளிக்கும் நேரடிச் சேவைகள் வந்திருக்கின்றன. அங்கிருந்து கொச்சியின் தரைப்பகுதியான எர்ணாகுளத்துக்கு இரவு ரயில்கள் உண்டு.

காங்கேசன்துறை–நாகப்பட்டினம் கப்பலைப் பற்றிப் பலர் ஆவலோடு கேட்கிறார்கள். கடல்நீர் அறையைப் பார்க்கக் கடல்வழியே போவது எனக்கும் பிடித்தமான எண்ணந்தான். அதிலும் காரைக்கால்–எர்ணாகுளம் எக்ஸ்பிரஸ் நாகப்பட்டினம் வழியாகவே செல்வதால் இறங்கி ரயில் ஏறிவிடலாம். ஆனால் 2023 ஒக்டோபர் 14இல் தொடங்கிய சேவை ஒரு கிழமைக்குள் நின்று, 2024 ஓகஸ்டில்தான் மீண்டது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் பாக்கு நீரிணை குழம்பிச் சேவை நிறுத்தப்படுவதும் வழக்கம். பியனாலேயின் முதற்பாதி அந்தப் பருவத்தோடு மோதுகிறது. கப்பலில் போக விரும்புவோர் பெப்ரவரிக்குப் பின்னர் திட்டமிட்டு, திரும்பும் நாளில் ஓரிரு நாட்களைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

கொச்சி விமான நிலையம் கோட்டைக் கொச்சியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில், நெடும்பாசேரியில் இருக்கிறது. எர்ணாகுளத்திலிருந்து கோட்டைக் கொச்சிக்குத் தரைவழியே வாகன நெரிசலில் மாட்டுவதைவிடப் படகில் போவது நல்லது. 2023இல் தொடங்கிய நீர் மெட்ரோவும் இப்போது அங்கே செல்கிறது. தீவார் எவருக்கும் அந்தப் படகுத்துறை அந்நியமாக இராது, படகு நேரத்துக்குப் புறப்படும் என்பதைத் தவிர.

விசா எடுப்பது கடினமா?

இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இந்திய மின்விசா கிடைக்கும். சந்தேகம் உள்ளோர் யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கேட்கலாம். மின்விசா குறிப்பிட்ட விமான நிலையங்களுக்கும் துறைமுகங்களுக்கும் மட்டுமே செல்லுபடியாகும் என்பதால், நீங்கள் இறங்கும் இடம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதை விண்ணப்பிக்கும் முன்னரே பாருங்கள்.

எத்தனை நாட்கள் வேண்டும்?

மூன்று. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று சொல்பவர் எதையும் பார்க்கவில்லை என்று பொருள். மூன்றாம் பதிப்பில் மட்டும் 31 நாடுகளைச் சேர்ந்த 97 கலைஞர்கள் பங்குபற்றினார்கள். படைப்புகள் ஒரே கட்டடத்தில் இருப்பதில்லை. பழைய பண்டகசாலைகளிலும் வீடுகளிலும் சிதறிக் கிடக்கும், இடங்களும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். அஸ்பின்வால் மாளிகை முதல் ஐந்து பதிப்புகளிலும் தலைமை இடமாக இருந்தது. முதல் நாள் வரைபடத்தோடு நடந்து பாருங்கள்; இரண்டாம் நாள் மனத்தில் நின்ற நான்கைந்துக்கு மட்டும் திரும்பிப் போங்கள்; மூன்றாம் நாளை வெறுமையாக விடுங்கள், அது தானாக நிரம்பும். நுழைவுச்சீட்டின் விலை ஒவ்வொரு பதிப்பிலும் மாறுவதால் அப்போதைய அறிவிப்பைப் பாருங்கள்.

என்ன உடுத்துவது, என்ன கொண்டுபோவது?

எளிதில் கழற்றக்கூடிய செருப்பு, மெல்லிய பருத்தி உடை, ஒரு சிறு துவாய், ஈரமானவற்றைப் போட ஒரு சொப்பிங் பை, தண்ணீர்ப் போத்தல், குடை. சேலை தடையன்று, மாமியே அதற்குச் சாட்சி. இறுக்கமான நீளக் காற்சட்டை போட்டு வந்த இளைஞர்கள்தான் அதனை மடிக்க முடியாமல் அவதிப்பட்டார்கள். இந்தியாவில் இப்போது தேநீர்க்கடையில்கூடக் கைத்தொலைபேசியால் பணம் செலுத்துகிறார்கள். அந்த வசதி நமக்கு எளிதில் கிடைக்காதாகையால் சிறு நோட்டுகளை மாற்றி வைத்திருங்கள்.

நீரிழிவு, முழங்கால் வலி உள்ளவர்கள் போகலாமா?

போகலாம், ஆனால் எல்லா அறைகளுக்குள்ளும் அல்ல. நீரிழிவுக்காரர் பாதத்தில் புண்ணோ வெடிப்போ மரத்துப்போன உணர்வோ இருந்தால், பலர் இறங்கிய நீருக்குள் வெறுங்காலோடு இறங்கக்கூடாது. கீழே இருப்பது தெரியாது, குத்தினாலும் உணராது. இதனை நான் மிகையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். நம் வீடுகளில் கால் விரல் இழந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். மின்னி மின்னி அணையும் ஒளி வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து. மூடிய இடத்தில் மூச்சுத் திணறுவோர் இருட்டறைகளைத் தவிர்க்க வேண்டும். வாசலில் நிற்கும் உதவியாளரிடம் உள்ளே எவ்வளவு இருட்டு, எவ்வளவு நேரம், நடுவில் வெளியேற வழி உண்டா என்று கேட்டால் பொறுமையாகச் சொல்வார்கள். பழைய கட்டடங்களில் படிகள் செங்குத்தானவை. மேல்மாடி எல்லாவற்றையும் பார்த்தே தீரவேண்டும் என்ற நேர்த்திக்கடன் எதுவும் இல்லை.

சிறுபிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா?

தாராளமாக. பெரியவர்கள் பொருள் தேடித் திணறும் இடத்தில் அவர்கள் நேரே உள்ளே போய்விடுவார்கள். தொடலாமா கூடாதா என்பதை மட்டும் ஒவ்வோர் அறையிலும் முதலில் கேட்டுச் சொல்லுங்கள்.

படம் எடுக்கலாமா?

பெரும்பாலான இடங்களில் எடுக்கலாம். கூடாத இடத்தில் எழுதியிருப்பார்கள். ஆனால் இந்த வகைப் படைப்பைப் படத்தில் பிடிக்க முடியாது. என்னிடம் கடல்நீர் அறையின் படம் ஒன்று இருக்கிறது, வெள்ளம் புகுந்த களஞ்சியம் ஒன்றைப் போலத்தான் தெரிகிறது, அதைக் காட்டியபோது வீட்டில் ஒருவர், “குழாய் உடைஞ்சு போச்சோ?” என்று கேட்டார். முதலில் கையை வீசிக்கொண்டு ஒருமுறை நடந்து வாருங்கள், படம் அடுத்த சுற்றுக்கு.

ஆங்கிலமும் மலையாளமும் தெரியாதவருக்கு விளங்குமா?

விளக்கப் பலகைகள் அவ்விரு மொழிகளிலும்தான் இருக்கும். ஒருவர் உடன் இருந்து சுருக்கமாகச் சொன்னால் போதும். பேச்சில் இடர் குறைவு. யாழ்ப்பாணத்தார் தமிழ் பேசுவதைக் கேட்டு நம்மை மலையாளிகள் என்றே நினைக்கும் தமிழ்நாட்டவர் உண்டு என்பதால், கொச்சி ஓட்டோக்காரருக்கும் நமக்கும் இடையே பாதி வழி ஏற்கெனவே கடந்தாகிவிட்டது.

இதெல்லாம் உண்மையில் கலைதானா?

சில அல்ல. வண்ண விளக்கையும் பெரிய திரையையும் போட்டுவிட்டு, பார்ப்பவர் வியந்தால் போதும் என்று நின்றுவிடும் அறைகளும் உலகக் கண்காட்சிகளில் நிறைய இருக்கின்றன. நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது: அந்த நீரை வெளியேற்றிவிட்டால் படைப்பு மிஞ்சுமா என்று கேட்டுப் பார்ப்பேன். சூரிட்டாவின் வரிகளைத் தாளில் வாசித்தால் அவை நல்ல வரிகள்தான். ஆனால் கவிதை வரை நடந்துபோகவேண்டிய அந்தத் தூரம் தாளில் இல்லை. அங்கே நீர் அலங்காரமன்று. நீரை எடுத்துவிட்டு வேறு எதை நிரப்பினாலும் ஒன்றே என்று தோன்றும் அறையில் அதிக நேரம் நிற்காதீர்கள்.

பார்த்து முடித்ததும் அடுத்த அறைக்குப் போகலாமா?

உடனே வேண்டாம். நாங்கள் வெளியே வந்ததும் மாமி துவாயைக்கூட வாங்கவில்லை. கடலைப் பார்த்தபடி ஒரு திண்ணையில் கால்களை நீட்டி அமர்ந்தார். எதிரே சரக்குக் கப்பல் ஒன்று மெல்லப் போய்க்கொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் கால்களில் நீர் காய்ந்து, கணுக்காலைச் சுற்றி உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்தது. அவர் அதனை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, சீனி போடாத தேத்தண்ணி எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அன்று வேறு எதையும் பார்க்கவில்லை. எர்ணாகுளத்துக்குத் திரும்பும் படகில், “மூத்த பெடியன்ர பேர் என்னெண்டு சொன்னனீ?” என்று கேட்டார். சொன்னேன்.